சீட்டை வெட்டுவது யார்?

ஆன்லைன் ரம்மியில் சீட்டு நேர்மையாகத்தான் விழுந்ததா? இந்தக் கேள்வியைச் சில வருஷங்களாகக் கோயமுத்தூர் மில் வாசல்களிலும், சோமனூர் தறிக்கூடங்களிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளின் தேநீர் வேளையிலும் நாம் கேட்டு வருகிறோம். கேட்பவர்களில் பெரும்பாலோர் பணத்தை இழந்தவர்கள். ஆகவே, தோற்றவனுடைய புலம்பல் என்று இதைத் தள்ளிவிடுவது கெட்டிக்காரர்களுக்கு எளிதாயிருக்கிறது. நாம் அப்படித் தள்ளிவிடத் தயாராயில்லை. கேட்பவன் தோற்றவன் என்பதனால் கேள்வி தவறாகிவிடாது. நாணயமான கடையில் எடைக்கல்லைக் காட்டச் சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை.

இனி இந்தக் கேள்வியே அநாவசியம் என்று சொல்வாரும் உளர். பார்லிமெண்டு 2025 ஆகஸ்டு மாதம் ஆன்லைன் ஆட்டங்கள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றிற்று. அந்த மாதம் 22-ஆம் தேதி ராஷ்டிரபதியின் சம்மதமும் கிடைத்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள், திறமையாட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும், அனைத்தையும் அச்சட்டம் விலக்குகிறது. நடத்துவோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெரிய கம்பெனிகள் உடனே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. வருஷந்தோறும் 45 கோடி ஜனங்கள் சுமார் 20,000 கோடி ரூபாயை இவ்வாட்டங்களில் இழக்கிறார்கள் என்று மத்திய சர்க்காரே அப்போது மதிப்பிட்டது. சட்டத்தை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

ஆயினும் கடை மூடப்பட்டது என்பதனால் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நாம் கருதவில்லை. சட்டத்தை எதிர்த்துப் பல ஹைக்கோர்ட்டுகளில் தொடரப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டன. தீர்ப்பு எப்படியாயினும், கடல் கடந்த தேசங்களில் இருந்துகொண்டு நம் பையன்களை அழைக்கும் ஆட்ட நிலையங்களை நமது சட்டம் எளிதில் எட்டாது. பணமில்லாமல் பொழுதுபோக்காக ஆடும் சீட்டாட்டங்களோ எண்ணற்றவை. எல்லாவற்றிலும் கலைப்பது யந்திரம். யந்திரத்தை வைத்திருப்பவர் கம்பெனிக்காரர். ஆகவே கேள்வி உயிரோடுதான் இருக்கிறது.

நம் ஊர்ப்பக்கத்தில் சீட்டாட்டம் புதிதன்று. கல்யாண வீட்டில் முகூர்த்தத்திற்கு முந்திய இரவிலும், நோம்பி நாளிலும், திண்ணையில் ஜமக்காளம் விரித்து ரம்மி ஆடாத ஊர் எது? அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கட்டைக் கலைப்பார், கலைத்தபின் தாமே போட்டுவிட மாட்டார், பக்கத்திலிருப்பவர் முன் வைப்பார், அவர் வெட்டுவார், அதன்பிறகே சீட்டுப் போடப்படும். கலைப்பவர் மாமனாயினும் மச்சானாயினும் வெட்டாமல் போட்டால் ஆட்டம் செல்லாது. இது அவநம்பிக்கையினால் ஏற்பட்ட வழக்கமன்று; நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்கு நம் பெரியோர் கண்ட உபாயம். ஒருவர் கையில் மட்டும் கட்டு இருக்கலாகாது என்பதே அதன் பொருள். ஹஸ்தினாபுரத்துச் சபையில் இந்த உபாயம் இல்லை. துரியோதனனுக்காகப் பகடை உருட்டியவன் சகுனி. பகடையும் அவன் கையில். அதை வாங்கிப் பார்க்கிறேன் என்று எழுந்து சொன்னவர் ஒருவருமில்லை. விளைவைப் பதினெட்டு நாள் யுத்தம் சொல்லிற்று.

கைபேசி ஆட்டத்தில் வெட்டுவது யார்? ஒருவருமில்லை. நமது விசாரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

சட்டம் இவ்விஷயத்தில் சென்ற பாதையைப் பார்ப்போம். ஸிகந்தராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 1967 நவம்பரில் தீர்ப்பளித்தது. ரம்மி மூன்று சீட்டைப் போன்ற வெறும் அதிர்ஷ்ட ஆட்டமன்று. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை. ஆகவே அது பெரும்பாலும் திறமையாட்டம் என்று நீதிபதி ஹிதாயதுல்லா எழுதினார். பிற்காலத்துக் கம்பெனிகள் அனைத்தும் இந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடித்தன. ஆனால் அந்தக் கிளப்பில் ஆடியவர்கள் முன் மேஜை இருந்தது. மேஜைமேல் அட்டைச் சீட்டுக்கட்டு இருந்தது. கலைத்த கையை எல்லோரும் பார்த்தார்கள். ஆட்டத்தை நடத்துவோர் அதனின்றும் லாபம் சம்பாதித்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. இந்தப் பகுதியைக் கம்பெனி விளம்பரங்களில் நாம் கண்டதில்லை.

தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2021-ல் அது சட்டமாயிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு 3-ஆம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. 2022 ஜூனில் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் கமிட்டி அமைந்தது. அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டமும் மசோதாவும் வந்தன. மசோதாவைக் கவர்னர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார்; சட்டசபை மறுபடி நிறைவேற்றியபின் ஏப்ரலில் சம்மதம் கொடுத்தார். இத்தனை மாதங்களுக்குள் நாற்பதுக்கு மேற்பட்டோர் இவ்வாட்டத்தினால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்டது. 2023 நவம்பர் 9-ஆம் தேதி ஹைக்கோர்ட்டு, அதிர்ஷ்ட ஆட்டங்களைப் பொறுத்தவரை சட்டம் செல்லும் என்றும், ரம்மியையும் போக்கரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. பிறகு 2025 பிப்ரவரியில் ஆதார் பரிசோதனை, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை முதலிய விதிகள் வந்தன. ஜூன் 3-ஆம் தேதி ஹைக்கோர்ட்டு அவற்றை ஒப்புக்கொண்டது.

இந்த ஐந்து வருஷ வியவகாரத்தில் முதன்மையாக வாதிக்கப்பட்டவை, திறமையா அதிர்ஷ்டமா, மாகாணத்திற்கு அதிகாரம் உண்டா இல்லையா என்ற இரண்டே. யந்திரம் சீட்டைத் தன் இஷ்டப்படி போடக்கூடும், மனிதருக்குப் பதில் யந்திர ஆட்டக்காரர்கள் உட்காரக்கூடும் என்று சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்டது உண்மை. ஆனால் அச்சத்தைத் தெரிவித்தார்களேயன்றி, கட்டைப் பிரித்துக் காட்டும் சாதனம் அவர்களிடம் இல்லை. அது எதிராளியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன? யந்திரத்திற்குக் கையுமில்லை, கட்டுமில்லை. அது எண்களைக் கொண்டு கலைக்கிறது. 52 சீட்டுகளை வரிசைப்படுத்தும் விதங்களை எழுதினால் 68 இலக்கமுள்ள எண் வரும். நேர்மையான கலைப்பு என்றால் இவ்வளவு விதங்களும் சமமான வாய்ப்போடு வரக்கூடியதாயிருக்க வேண்டும். கம்ப்யூட்டரோ ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கின்மேல் கணக்காகப் போட்டு வரிசையைத் தீர்மானிக்கிறது. தொடக்க எண் தெரிந்தவனுக்கு முழுக் கட்டும் தெரியும்.

இதற்கு 1999-ஆம் வருஷத்து அமெரிக்க உதாரணம் ஒன்று உண்டு. பிளானெட் போக்கர் என்ற ஆட்ட நிலையத்திற்கு மென்பொருள் செய்து கொடுத்தவர்கள், தங்கள் நாணயத்தை நிரூபிக்க, கலைக்கும் முறையைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். மென்பொருள் நிபுணர் சிலர் அதைப் படித்துப் பார்த்தனர். தொடக்க எண், நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிவிநாடி சென்றது என்பதிலிருந்து எடுக்கப்படுவதைக் கண்டனர். ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லிவிநாடிகளே உண்டு. ஆகவே 68 இலக்க விதங்களில் அந்த யந்திரம் போடக்கூடியவை இவ்வளவே! கடிகாரத்தை ஒத்துவைத்தால் சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கிற்று. தன் கையிலும் மேஜையிலுமாக ஐந்து சீட்டுகளைக் கண்டவுடன், மற்றவர் கையிலிருப்பதையும் இனி வரப்போவதையும் அவர்களுடைய கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. இதில் கம்பெனிக்கு வஞ்சக எண்ணம் ஒன்றுமில்லை, அறியாமைதான். ஆனால் முறையை வெளியிட்டிராவிட்டால் அந்த அறியாமை யாருக்குத் தெரிந்திருக்கும்?

வஞ்சகத்திற்கும் உதாரணத்திற்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் நெவாடா மாகாணத்தில், சீட்டுக்கட்டைக் காட்டும் யந்திரத்தில் ஒவ்வொரு சீட்டும் விழும் வாய்ப்பு உண்மையான கட்டில் உள்ளதற்குச் சமமாயிருக்க வேண்டுமென்று விதி உண்டு. அப்படியிருந்தும், 1980-களின் இறுதியில் அமெரிக்கன் காயின் என்ற கம்பெனியின் போக்கர் யந்திரங்களில் பெரும் பரிசுக்குரிய சீட்டு வரிசை விழாதபடி திருத்தப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதே மாகாணத்தில் யந்திரங்களைப் பரிசோதிக்கும் சர்க்கார் இலாகாவிலேயே வேலை பார்த்த ரொனால்டு ஹாரிஸ் என்ற நிபுணர், 1995-ல் வேறொரு மாகாணத்துச் சூதாட்ட விடுதியில் கீனோ ஆட்டத்தின் எண்களை முன்கூட்டிக் கணக்கிட்டு லட்சம் டாலர் பரிசைப் பெற முயன்று பிடிபட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை! 2007, 2008 வருஷங்களில் ஆப்சலூட் போக்கர், அல்டிமேட் பெட் என்ற இரு ஆன்லைன் நிலையங்களில், உள்ளிருந்தவர்கள் பிறர் கைச்சீட்டைப் பார்த்துக்கொண்டே ஆடியது வெளிப்பட்டது. அங்கே கலைப்பில் குற்றமில்லை. திரைக்குப் பின்னால் ஒரு கண் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் அதிகாரிகளல்லர். ஆட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து கணக்குப் போட்ட ஆட்டக்காரர்கள். அல்டிமேட் பெட் நிலையத்தார் சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

நம் தேசத்திலும் 2025 நவம்பரில், வின்ஸோ என்ற கம்பெனி, மனிதரோடு ஆடுவதாக நம்பியவர்களை அவர்களறியாமல் மென்பொருளோடு ஆட வைத்தது என்று மத்திய அமலாக்கத் துறை குற்றஞ்சாட்டிற்று. தன் ஆட்டம் நேர்மையானது என்பது கம்பெனியின் வாதம். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. இதற்குமேல் நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்வது பத்திரிகையின் கடமை. தொடர்ந்து கெட்ட சீட்டு விழுவதெல்லாம் மோசடியன்று. ஒரு காசை நூறு தடவை சுண்டிப் பாருங்கள். எங்கேனும் ஓரிடத்தில் தலையோ பூவோ ஐந்து முறை தொடர்ந்து விழுவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 97. விவரமறியாதவன் காசில் சூது இருக்கிறது என்பான். திண்ணையில் ஓர் இரவு முழுவதும் ஆடும் ஆட்டங்களைக் கைபேசியில் ஓரிரு மணியில் ஆடிவிடலாம். ஆட்டம் பெருகப் பெருக, அபூர்வமான துரதிர்ஷ்டங்களும் பெருகித் தோன்றும். வென்ற சீட்டை மனம் மறந்துவிடுகிறது. ஒரு ஜோக்கருக்காகக் காத்திருந்து தோற்ற ஆட்டத்தை மறப்பதில்லை. ஆகவே தோற்றவனுடைய மனக்கணக்கை மட்டும் சாட்சியமாகக் கொண்டு எந்தக் கம்பெனியையும் தண்டிக்க முடியாது, தண்டிக்கவும் கூடாது.

அதற்கும் மேலாக ஒன்று சொல்லுவோம். கம்பெனிக்குச் சீட்டைத் திருத்த வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சமமான திறமையுள்ள இருவர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். சேர்ந்த 200 ரூபாயில் கம்பெனி 20 ரூபாயை எடுத்துக்கொண்டு, வென்றவனுக்கு 180 கொடுக்கிறது. இருபது ஆட்டம் ஆடினார்கள். ஆளுக்குப் பத்து வெற்றி. இருவரும் வைத்தது தலைக்கு 2,000 ரூபாய், பெற்றது 1,800. இருவருமே 200 ரூபாய் தோற்றார்கள். கம்பெனிக்கு 400 ரூபாய் சேர்ந்தது. நூறு ஆட்டம் ஆடினால் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போயிற்று. வென்றவன் யார்? கலைத்தவன்! சனிக்கிழமை கூலி வாங்கிய திருப்பூர்ப் பையன் ஞாயிறு காலையில் வெறுங்கையோடு நிற்பதற்கு இந்தக் கணக்கே போதும். கலைப்பு அப்பழுக்கற்றதாயிருந்தாலும் முடிவு இதுதான். ‘எங்கள் சீட்டு நேர்மையானது’ என்ற விளம்பரம் உண்மையாகவே இருக்கலாம். அதனால் ஆட்டம் ஏழைக்கு லாபமாகிவிடாது. இதை நம் வாலிபர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் கலைப்பைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். கம்பெனி நேர்மையாயிருந்தும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இரண்டில் எது என்பதை ஆட்டக்காரன் ஒருநாளும் அறிய முடியாது என்பதே காரணம். கெட்ட அதிர்ஷ்டமும் கெட்ட யந்திரமும் அவன் கண்ணுக்கு ஒன்றேபோல் தோன்றுகின்றன. லட்சக்கணக்கான ஆட்டங்களின் கணக்கை வைத்திருப்பவர்களுக்கே உண்மை தெரியும்.

கம்பெனிகள் தனியார் பரிசோதனைச் சாலைகளின் சான்றிதழைக் காட்டுவதுண்டு. சோதனைக்குக் கூலி கொடுப்பவர் யார்? கம்பெனிதானே! சோதனை நாளில் காட்டப்பட்ட யந்திரம் நேர்மையானதாகவே இருக்கட்டும். இன்றிரவு பதினொரு மணிக்குச் சீட்டுப் போடுவது அதே யந்திரந்தான் என்பதற்கு யார் பொறுப்பு?

இங்கே நாம் வாதத்திற்குரிய பொறுப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு விஷயம் ஒருவருடைய அறிவுக்கு மட்டும் எட்டியதாயிருந்தால், அதை நிரூபிக்கும் பாரம் அவரையே சாரும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்தத் தத்துவம் நிற்கிறது. இது வக்கீல்கள் மட்டும் அறிந்த சூக்ஷ்மமன்று. ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைச் சந்தையிலும் நம் குடியானவர் தினந்தோறும் அனுபவிக்கும் நியாயம். எடை குறைவு என்று குடியானவன் நிரூபிக்கும் வரை எந்தத் தராசும் செல்லும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சர்க்கார் முத்திரை பெற்ற தராசைத்தான் வியாபாரி வைக்க வேண்டும். முத்திரையில்லாத தராசு, எடை சரியாயிருந்தாலும், குற்றமே. ஒரு மூட்டை மஞ்சளுக்குள்ள பாதுகாப்பு ஒரு மனிதனுடைய மாதச் சம்பளத்திற்கு வேண்டாமா?

பரிகாரம் இல்லாத விஷயமன்று இது. திண்ணையில் நம் பெரியோர் கண்ட வெட்டு யந்திரத்திலும் சாத்தியமே. ஆட்டம் தொடங்குமுன், தான் கலைத்த வரிசைக்குரிய முத்திரை எண் ஒன்றைக் கம்பெனி ஆட்டக்காரர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். வரிசை தெரிந்தால் முத்திரை எண்ணைக் கணக்கிடலாம். முத்திரை எண்ணிலிருந்து வரிசையை அறிய முடியாது. அதன்பின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய ஓர் எண்ணைக் கொடுப்பர். அந்த எண்களின்படி கட்டு மறுபடியும் மாற்றப்படும். ஆட்டம் முடிந்ததும் வரிசையை வெளியிட்டால், முத்திரையோடு பொருந்துகிறதா என்று யாரும் சரிபார்க்கலாம். வெளிநாட்டு நிலையங்கள் சில இம்முறையைப் பல வருஷங்களாகக் கையாண்டு வருகின்றன. செலவு அற்பம், வேண்டியது மனம்.

வெட்டு ஒன்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் கண்ணை அது தடுக்காது. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்தின் முழுக் குறிப்பையும் பல வருஷம் பாதுகாக்க வேண்டும். தோற்றவன் கேட்டால் கொடுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பது மனிதனா யந்திரமா என்பதை ஆட்டம் தொடங்குமுன் சொல்ல வேண்டும். மறைத்தால் அது மோசடிக் குற்றமாக வேண்டும். பரிசோதனை சர்க்கார் நியமித்தவர்களால், முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும். பரிசோதிப்பவர்களையும் பரிசோதிக்க ஏற்பாடு வேண்டும். பொழுதுபோக்கு ஆட்டங்களுக்கு இவ்விதிகளை இன்றே செய்யலாம். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பினாலோ, பிற்காலத்துப் பார்லிமெண்டின் மனமாற்றத்தினாலோ, பண ஆட்டத்தின் கதவு என்றேனும் திறக்குமானால், இவ்விதிகள் வாயிற்படியிலேயே காத்திருக்க வேண்டும். கதவு திறந்தபின் விதி செய்யப் புகுந்தால், 2020 முதல் 2025 வரை கண்ட கோலத்தையே மறுபடியும் காண்போம்.

ஏற்கனவே இழந்தவர்களுக்கு என்ன பதில்? அவர்கள் ஆடிய ஆட்டங்களின் குறிப்புகள் கம்பெனிகளிடம் இருந்தாக வேண்டும். கடை மூடிற்று என்ற சாக்கில் ஏட்டை எரிக்க இடங்கொடாமல், அவற்றைக் காக்கும்படி மத்திய சர்க்கார் உத்தரவிட வேண்டும். தகுந்த நிபுணர்களைக் கொண்டு பரிசோதிக்கவும் வேண்டும். நேர்மையாக நடத்திய கம்பெனிக்கு இதனால் நஷ்டமில்லை. அதன் நற்பெயர் நிலைக்கும். அல்லாதவற்றின் நிலைமை உலகத்திற்குத் தெரியட்டும்.

திருக்குறளில் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தவர் நம் முன்னோர். அவர்கள் காலத்தில் கவறு கையிலிருந்தது; கண்ணால் பார்க்க முடிந்தது. பார்த்து ஆடியவனே கெட்டான் என்றால், பாராமல் ஆடுகிறவன் கதி என்ன? நம் வாலிபர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: வெட்டுவதற்குக் கட்டை உன் முன் வைக்காதவனோடு ஆடாதே. சர்க்காருக்குச் சொல்வதும் ஒன்றே: கட்டை வெட்டக் கொடுக்காதவனுக்கு இந்தத் தேசத்தில் கடை வைக்க இடங்கொடாதே.